நாள்களில் எழுதிய வரலாறு: யூதர் நாட்காட்டி வழியே ஓர் உலா



இந்நகரத்தின் வாட்டர்லூ தெருவை அறியாதார் நம்முள் இலர். அங்கே கிருஷ்ணன் கோயில் இருக்கிறது; அதன் அருகிலேயே சீனர்களின் குவான் இம் கோயில் இருக்கிறது. அதே தெருவில், 1878ஆம் ஆண்டு முதல், ‘மகாயின் அபோத்’ என்னும் யூதத் தொழுகைக்கூடமும் இருக்கிறது. முதலிரண்டையும் நாம் நன்கறிவோம். மூன்றாவதைக் கடந்து போயிருப்போம். அதனுள் போற்றப்படும் வரலாற்றை எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம். அவ்வரலாற்றைப் பற்றியே இன்று சில சொல்ல விழைகிறேன்.

ஒரு மக்களினம் தன் நாட்டை இழக்கிறது, அரசை இழக்கிறது, கோயிலை இழக்கிறது, பல நாடுகளில் சிதறிப் பல மொழிகளைப் பேசத் தொடங்குகிறது. ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் இந்நிலை நீடிக்கிறது. அவ்வினத்தின் வரலாறு எங்கே தங்கியிருக்கும்? கல்வெட்டுப் பொறிக்க அரசனில்லை. நினைவுச்சின்னம் எழுப்பச் சொந்த மண்ணில்லை. யூதர்கள் கண்ட விடை எளியது. அவர்கள் தங்கள் வரலாற்றை நாள்களில் எழுதி வைத்தார்கள். ஆண்டு சுழலும்போதெல்லாம் வரலாறும் சுழன்று வந்தது. நாட்காட்டியே அவர்களுக்குக் கல்வெட்டாயிற்று. அதுவே பள்ளிக்கூடமும் ஆயிற்று. இக்கருத்தை ஓராண்டின் வரிசையில் வைத்து விளக்குவதே என் உரையின் நோக்கம்.

நாட்காட்டியின் அமைப்பு

முதலில் அந்நாட்காட்டியின் இயல்பை அறிந்துகொள்வோம். யூதர்களின் மாதம் நிலவைப் பின்பற்றுவது. ஒரு மாதத்துக்கு 29 அல்லது 30 நாள்கள். பன்னிரண்டு மாதங்களுக்கு ஏறத்தாழ 354 நாள்கள். இப்படியே விட்டால் பருவங்கள் பிறழ்ந்துபோகும்; வேனிற்கால விழா பனிக்காலத்துக்கு நகர்ந்துவிடும். ஆகவே பத்தொன்பது ஆண்டுகளுக்கு ஏழு முறை ஒரு மாதத்தைக் கூட்டி, நிலவின் கணக்கையும் கதிரவனின் கணக்கையும் ஒத்திசையச் செய்கிறார்கள். நாள் என்பது நள்ளிரவிலோ வைகறையிலோ தொடங்குவதன்று. மாலையில் கதிரவன் மறையும்போது தொடங்குகிறது. எனவே ஒவ்வொரு விழாவும் விளக்கேற்றும் வேளையில் பிறக்கிறது.

மாதங்களின் பெயர்களே ஒரு வரலாற்றுச் சான்று. திஷ்ரி, கிஸ்லேவ், நிசான், தம்மூஸ் முதலிய பெயர்கள் எபிரேயத்தில் பிறந்தவையல்ல. பாபிலோனில் சிறையிருந்த காலத்தில் பெற்றுக்கொண்டவை. தம்மூஸ் என்பது பாபிலோனியர் வணங்கிய ஒரு தெய்வத்தின் பெயர். தம்மை வென்றவர்களின் சொற்களைக் கொண்டே தம் இழப்புகளை எண்ணிவந்தார்கள் அம்மக்கள். மொழி மாணவர்கள் கருதத்தக்க செய்தி இது. கடன் வாங்கிய சொல் கடன் வாங்கியவரின் கதையையும் சுமந்து நிற்கிறது.

இலையுதிர்காலம்: கணக்குப் பார்க்கும் நாள்கள்

திஷ்ரி முதல் நாள் புத்தாண்டு. ‘ரோஷ் ஹஷானா’ என்பது அதன் பெயர். நம் கணக்கில் செப்டம்பர் அல்லது அக்டோபரில் வரும். அன்று ஆட்டுக்கடாவின் கொம்பை ஊதுவார்கள். உறங்கும் மனச்சான்றை எழுப்பும் ஒலி அது என்பர். பத்தாம் நாள் ‘யோம் கிப்பூர்’ என்னும் பாவநீக்க நாள். அன்று ஒரு முழுநாள் உண்ணாமலும் பருகாமலும் நோன்பிருந்து, பிழைகளை அறிக்கையிடுவார்கள். அவ்வறிக்கையில் ‘நான் செய்தேன்’ என்னும் சொல் வருவதில்லை. ‘நாங்கள் செய்தோம்’ என்றே வருகிறது. மேலும், ஒருவர் மற்றொருவருக்கு இழைத்த தீங்கை, பாதிக்கப்பட்டவரிடம் சென்று மன்னிப்புப் பெறாதவரையில், அந்நோன்பும் போக்காது என்பது அவர்களின் பழஞ்சட்டம். 1973ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் எகிப்தும் சிரியாவும் இசுரேல்மீது தொடுத்த போருக்கு இந்நாளின் பெயரே வழங்குகிறது. போர் தொடங்கியது யோம் கிப்பூர் அன்று.

பதினைந்தாம் நாள் ‘சுக்கோத்’ என்னும் குடில் விழா. எகிப்திலிருந்து வெளியேறிய முன்னோர் பாலைவனத்தில் குடில்களில் வாழ்ந்ததை நினைந்து, வீட்டுக்கு வெளியே தழையால் கூரை வேய்ந்து ஒரு வாரம் அதில் உண்பார்கள். கூரையின் இடைவெளியில் விண்மீன் தெரிய வேண்டும் என்பது மரபு. மாளிகையில் வாழ்பவனும் அவ்வாரம் வீடற்றவனின் நிலையை உணர்கிறான்.

இவ்விழாக்களின் இறுதியில் வருவது ‘சிம்ஹாத் தோரா’. தோரா என்பது மோசேயின் ஐந்து நூல்கள். அதனை 54 பகுதிகளாகப் பிரித்து, வாரந்தோறும் ஒரு பகுதியாகத் தொழுகைக்கூடத்தில் படிப்பார்கள். ஓராண்டில் நூல் முடியும். முடிந்த அன்றே, அதே அவையில், முதல் பகுதியை மீண்டும் தொடங்குவார்கள். ‘படித்து முடித்தோம்’ என்று நூலை மூடிவைக்க அந்நாட்காட்டி இடங்கொடுப்பதில்லை. தேர்வு முடிந்ததும் நூலை மூலையில் போடும் வழக்கம் எல்லா நாட்டு மாணவர்க்கும் உண்டு. அவர்களுக்கு இதனைவிடச் சிறந்த பாடம் வேறில்லை எனலாம்.

பனிக்காலம்: விளக்கும் நகைப்பும்

கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள் தொடங்கி எட்டு நாள் ‘ஹனுக்கா’. பெரும்பாலும் திசம்பரில் வரும். கி.மு. 167இல் சிரியாவை ஆண்ட கிரேக்க மரபினனான நான்காம் அந்தியோக்கஸ், எருசலேம் கோயிலின் பலிபீடத்தைத் தீட்டுப்படுத்தினான். அத்துடன் ஓய்வுநாளையும் விழாக்களையும் கடைப்பிடிக்கக்கூடாது என்று தடைவிதித்தான். ஓரினத்தை அழிக்க அதன் நாட்காட்டியை அழித்தால் போதும் என்பதை அவன் அறிந்திருந்தான் போலும். யூதா மக்கபே என்பவன் தன் உடன்பிறந்தாரோடு படைதிரட்டிப் போரிட்டு, கி.மு. 164இல் கோயிலை மீட்டுத் தூய்மைப்படுத்தினான். அந்நாளே ஹனுக்கா.

ஒரு நாளுக்கே போதுமான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்னும் கதையை நீங்கள் கேட்டிருக்கலாம். போரைப் பற்றிய பழைய நூல்களான முதலாம், இரண்டாம் மக்கபேயரில் அக்கதை இல்லை; பல நூற்றாண்டுகளுக்குப் பின் தொகுக்கப்பட்ட தல்மூதில்தான் அது காணப்படுகிறது. போர் வெற்றியை விடுத்து விளக்கொளியை முன்னிறுத்தினார்கள் பிற்காலத்தார். அதற்குள் உரோமரை எதிர்த்த போர்களில் அவர்கள் எல்லாவற்றையும் இழந்திருந்தார்கள். வாளைப் போற்றும் விழாவினும் விளக்கைப் போற்றும் விழாவே சிதறி வாழும் மக்களுக்கு ஏற்றது என்று கருதியிருக்கலாம். ஒரு நாள் எதை நினைவூட்டுகிறது என்பது ஒருமுறை முடிவாகி நின்றுவிடுவதன்று. ஒவ்வொரு தலைமுறையும் அதனை மீண்டும் தெரிவு செய்கிறது.

அதார் மாதம் 14ஆம் நாள் ‘பூரிம்’. பாரசீகப் பேரரசின் அமைச்சன் ஆமான், யூதர்களைக் கொல்லச் சீட்டுப்போட்டு நாள் குறிக்கிறான். எஸ்தர் அரசியும் அவளை வளர்த்த மொர்தெகாயும் அதனை முறியடிக்கிறார்கள். ‘பூர்’ என்றால் சீட்டு. எஸ்தர் நூலை வரலாற்றுப் பதிவாகக் கொள்ளாமல் கதையாகவே கொள்வர் ஆய்வாளர் பலர். அதன் எபிரேய மூலத்தில் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை என்பது வியப்பு. விழாவன்று அந்நூலைப் படிக்கும்போது ஆமானின் பெயர் வருமிடமெல்லாம் சிறுவர்கள் கிலுக்கை ஆட்டிப் பேரொலி எழுப்புவார்கள். ஏழைகளுக்குக் கொடை வழங்குவதும் அன்றைய கடமை. கதையின் முடிவில் வரும் பழிவாங்கலோ பிற்கால வாசகர் பலரின் மனத்தை உறுத்தி வந்திருக்கிறது. சிறுபான்மையினரின் உயிர் ஓர் அமைச்சனின் சினத்தில் தொங்கிய நிலையை நகைப்போடு நினைவுகூரும் நாள் இது. அழுகையோடு மட்டும் வரலாற்றைக் கற்பித்தால் குழந்தைகள் அதனைவிட்டு ஓடிவிடுவர் என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர்.

வேனிற்காலம்: குழந்தை கேட்கும் வினா

நிசான் மாதம் 15ஆம் நாள் தொடங்குவது பாஸ்கா. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் விழா. நூலில் உள்ளவாறே அவ்வெளியேற்றம் நிகழ்ந்தது என்பதற்கு எகிப்தியப் பதிவுகளில் நேரடிச் சான்று இல்லை. இசுரேல் என்னும் பெயரைக் குறிப்பிடும் மிகப் பழைய சான்று, கி.மு. 1208 அளவில் மெர்னெப்தா என்னும் எகிப்திய மன்னன் பொறித்த கல்வெட்டாகும். ஆயினும் விழாவின் வலிமை அவ்விவாதத்தில் இல்லை. அது கற்பிக்கும் முறையில் இருக்கிறது.

அன்றிரவு குடும்பத்தார் மேசையைச் சுற்றி அமர்வார்கள். புளிக்காத அப்பம் இருக்கும். அவசரத்தில் புறப்பட்டதால் மாவு புளிக்கப் பொழுதில்லை. கசப்புக் கீரை இருக்கும். அது அடிமை வாழ்வின் கசப்பு. உப்புநீர் இருக்கும், அது கண்ணீர். பழமும் கொட்டையும் அரைத்த ஒரு கலவை இருக்கும். அது செங்கல் அடுக்கிய சாந்து. வரலாற்றை நாவால் சுவைக்கச் செய்த பின்னரே காதால் கேட்கச் செய்கிறார்கள். அப்போதும் தந்தை தாமாகச் சொல்லத் தொடங்குவதில்லை. வீட்டின் மிக இளைய குழந்தை, இந்த இரவுக்கு மட்டும் ஏன் இத்தனை மாறுபாடுகள் என்று வினவ வேண்டும். வினா எழுந்த பிறகே விடை தொடங்கும்.

ஆசிரியர்கள் சற்றே இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்விரவில் படிக்கும் நூல் நான்கு வகைப் பிள்ளைகளைக் குறிப்பிடுகிறது. ஒருவன் அறிவுடையவன், ஒருவன் முரண்டு பிடிப்பவன், ஒருவன் எளிய மனத்தவன், ஒருவன் கேட்கவே தெரியாதவன். நால்வர்க்கும் நான்கு விதமாக விடை கூற வேண்டும். கேட்கத் தெரியாதவனைத் தள்ளிவிடக்கூடாது. அவனுக்காகப் பெற்றோரே பேச்சைத் தொடங்க வேண்டும். நம் வகுப்பறைகளில் இந்நால்வரும் இல்லாத வகுப்பு உண்டா?

இன்னொரு வழக்கமும் உண்டு. எகிப்தியர்மீது விழுந்த பத்து வாதைகளைச் சொல்லும்போது, ஒவ்வொன்றுக்கும் கிண்ணத்திலிருந்து ஒரு துளி திராட்சைமதுவை எடுத்துவிடுவார்கள். பகைவரும் மனிதரே; அவர்கள் துன்புற்றதால் நம் மகிழ்ச்சிக் கிண்ணம் நிறைந்திருத்தல் கூடாது என்று இதற்குப் பலரும் விளக்கம் கூறுவர். தன் விடுதலையைக் கொண்டாடும் வேளையிலும் பிறர் துயரைக் கணக்கில் வைக்கச் சொல்லும் அத்துளியை மறவாதீர்கள். சற்று நேரத்தில் மீண்டும் அதனிடம் வருவேன்.

வார்சா: ஓர் ஆசிரியரும் இரு மாணவரும்

1943ஆம் ஆண்டு ஏப்ரல் 19. அன்றைய மாலை பாஸ்கா பிறக்க வேண்டும். போலந்தின் தலைநகரான வார்சாவில், யூதர்களை அடைத்துவைத்த சேரியை முற்றாக ஒழிக்க ஜெர்மானியப் படை அன்று நுழைந்தது. உள்ளே எஞ்சியிருந்த இளைஞர்கள் சில துப்பாக்கிகளையும் கையெறி குண்டுகளையும் கொண்டு எதிர்த்து நின்றார்கள். ஏறத்தாழ நான்கு வாரம் அப்போர் நடந்தது. மே 16ஆம் நாள் நகரத்தின் பெருந்தொழுகைக்கூடத்தை வெடிவைத்துத் தகர்த்து, சேரி ஒழிந்தது என்று அறிவித்தான் படைத்தலைவன்.

அந்தச் சேரிக்குள் ஒரு காலத்தில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தனர். அங்கே இம்மானுவேல் ரிங்கல்புளூம் என்னும் வரலாற்றறிஞர் மறைவாக ஒரு குழுவை அமைத்தார். அக்குழு ஓய்வுநாளாகிய சனிக்கிழமைகளில் கூடியது. அதனால் ‘ஓய்னெக் ஷப்பெஸ்’, அதாவது ஓய்வுநாளின் மகிழ்ச்சி, என்று அதற்குப் பெயரிட்டனர். பசியும் நோயும் சூழ்ந்த இடத்தில் அவர்கள் செய்த பணி என்ன தெரியுமா? நாட்குறிப்புகள், மடல்கள், பள்ளிச் சிறுவர் எழுதிய கட்டுரைகள், சுவரொட்டிகள், உணவுப் பங்கீட்டு அட்டைகள் ஆகியவற்றைத் திரட்டினர். தங்கள் வரலாற்றைத் தங்களைக் கொல்பவர்கள் எழுதிவிடக்கூடாது என்பதே அவர்களின் நோக்கம்.

1942ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், ஜெர்மானியர் மக்களைத் தொடர்வண்டிகளில் ஏற்றித் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பத் தொடங்கினர். இரு மாதங்களில் ஏறத்தாழ 265,000 பேரை அனுப்பினர். அந்த நாள்களில் இசுரேல் லிக்டென்ஸ்டைன் என்னும் பள்ளி ஆசிரியர், பதினெட்டும் பத்தொன்பதும் வயதுடைய தம் மாணவர் இருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, அவ்வேடுகளைப் பத்து உலோகப் பெட்டிகளில் அடைத்து, ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறையில் புதைத்தார். ஆசிரியரும் மாணவர்களும் போரின் முடிவைக் காணவில்லை. குழுவைச் சேர்ந்த ஏறத்தாழ அறுபது பேரில் உயிர்பிழைத்தோர் மூவரே. அவர்களின் உதவியோடு 1946இல் அப்பெட்டிகள் தோண்டி எடுக்கப்பட்டன. பால்பாத்திரங்களில் அடைத்த மற்றொரு பகுதி 1950இல் கிடைத்தது. 1999இல் யுனெஸ்கோ அத்தொகுப்பை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

வெடிகுண்டைப் புதைத்தவர்களை உலகம் அறியும். ஏட்டைப் புதைத்த ஓர் ஆசிரியரையும் இரு மாணவரையும் நம் பள்ளி மாணவர்கள் அறிய வேண்டும் என்பது என் ஆசை. இசுரேல் நாடாளுமன்றம் 1951இல் நிசான் 27ஆம் நாளைப் பேரழிவின் நினைவு நாளாகத் தேர்ந்தது. வார்சாவின் எழுச்சியை எண்ணியே பாஸ்காவுக்கு அண்மையில் அந்நாளை அமைத்தனர். பழைய நாட்காட்டியில் இவ்வாறு புதிய நாள் ஒன்று எழுதப்பட்டது.

ஒரு நாள், இரு நினைவுகள்

நிசானை அடுத்தது இய்யார் மாதம். அதன் 5ஆம் நாள், 1948 மே 14 அன்று, இசுரேல் நாடு அறிவிக்கப்பட்டது. இசுரேலியர்க்கு அது விடுதலை நாள். அப்போரில் ஏழு இலட்சம் பாலஸ்தீனர் அளவில் தம் வீடுகளையும் ஊர்களையும் இழந்து ஏதிலிகளாயினர். அவர்கள் மே 15ஆம் நாளை ‘நக்பா’, அதாவது பேரிடர், என்று நினைவுகூர்கின்றனர். ஓரிரு நாளுக்குள் ஒரே நிகழ்ச்சி ஒருவர்க்கு விழாவாகவும் மற்றவர்க்கு இழவாகவும் நிற்கிறது. அவ்விழவு இன்றளவும் முடிந்தபாடில்லை.

வரலாற்றைக் கற்பிப்போர் இவ்விடத்தில் ஒன்றை மறைத்து மற்றொன்றைச் சொல்லுதல் தகாது. கிண்ணத்திலிருந்து எடுத்துவிடும் துளியைப் பற்றிச் சற்றுமுன் கூறினேன். அத்துளியின் பொருள் இங்கேதான் மிகுதியாகத் தேவைப்படுகிறது. நினைவு ஒரு மக்களைக் காக்கும். தன் துயரை மட்டுமே நினைக்கும் நினைவு பிறர் துயருக்குக் கண்ணை மூடிவிடவும் கூடும். எந்த இனத்தின் நாட்காட்டிக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

பாக்தாத்திலிருந்து சிங்கப்பூர் வரை

சீவான் மாதம் 6ஆம் நாள் ‘ஷவுவோத்’. சீனாய் மலையில் திருச்சட்டம் அருளப்பட்ட நாள் என்பர். அன்றிரவு உறங்காமல் நூல் கற்பது பலரின் வழக்கம். பாபிலோனில் சிறையிருந்த யூதர்களின் வழித்தோன்றல்கள் இராக்கில் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் வாழ்ந்தனர். 1941ஆம் ஆண்டு ஜூன் 1, 2 ஆகிய நாள்களில், ஷவுவோத் விழாவின்போது, பாக்தாத்தில் கலகக் கூட்டத்தினர் யூதர் வீடுகளையும் கடைகளையும் சூறையாடி நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். ‘ஃபர்ஹூத்’ என்று அதனைக் கூறுவர். அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் அச்சமூகத்தில் பெரும்பாலோர் நாட்டைவிட்டு வெளியேறிவிட்டனர்.

சிங்கப்பூர் யூதர்களின் முன்னோரிற் பலர் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பாக்தாத்திலிருந்து வணிகம் செய்ய வந்தவர்கள். அவர்கள் வழியில் வந்தவர் டேவிட் மார்ஷல். 1955இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரானவர். அவர் ஆட்சியில், 1956ஆம் ஆண்டு, அனைத்துக் கட்சிக் குழு ஒன்று கல்வி பற்றிய அறிக்கையை வெளியிட்டது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிப் பள்ளிகளையும் நிகராக நடத்த வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. தமிழாசிரியர்கள் நினைவில் கொள்ளத்தக்க செய்தி இது.

ஆவ் ஒன்பது

கோடையின் நடுவில், ஆவ் மாதம் ஒன்பதாம் நாள், ஆண்டின் மிகத் துயரமான நாள். பாபிலோனிய மன்னன் நெபுகாத்நேச்சாரின் படை கி.மு. 586இல் எருசலேமின் முதற் கோயிலை எரித்தது. உரோமப் படைத்தலைவன் தீத்து கி.பி. 70இல் இரண்டாம் கோயிலை அழித்தான். கோயிலின் ஏழுகிளை விளக்கை உரோம வீரர்கள் சுமந்து செல்லும் காட்சியை உரோமில் உள்ள தீத்துவின் வளைவில் இன்றும் காணலாம். இவ்விரண்டு அழிவும் ஆவ் ஒன்பதாம் நாளில் நிகழ்ந்தன என்பது மரபு. கி.பி. 135இல் பார் கோக்பாவின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டுப் பெத்தார் கோட்டை வீழ்ந்ததும் அன்றே என்பர்.

சான்றுகளைத் தேடினால் ஒரு சிக்கல் தோன்றும். முதற் கோயில் எரிந்த நாள் ஆவ் ஏழு என்று அரசர் நூல் கூறுகிறது. ஆவ் பத்து என்று எரேமியா நூல் கூறுகிறது. இரண்டுமே அவர்களின் திருநூல்கள். மக்களின் நினைவோ ஒன்பதில் நிலைகொண்டது. பின்னரும் துயரங்கள் அந்நாளை நோக்கி வந்து சேர்ந்தன. 1290ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டு யூதர்களை நாடுகடத்த ஆணையிட்டான். அது ஆவ் ஒன்பது. 1492ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் ஸ்பெயினின் பெர்டினாண்டு மன்னரும் இசபெல்லா அரசியும் பிறப்பித்த ஆணையின்படி யூதர்கள் வெளியேறிய இறுதி நாள்கள் ஆவ் ஒன்பதை ஒட்டி அமைந்தன. சற்றுமுன் கூறிய வார்சாவின் ஜூலை 22ஆம் நாள் மாலையில் பிறந்ததும் ஆவ் ஒன்பதே.

இவற்றை ஊழ் என்று சிலர் கூறுவர். வரலாற்று மாணவர் அவ்வாறு கூறத் தேவையில்லை. ஆண்டின் 354 நாள்களிலும் ஏதோ ஒரு துயரம் நிகழ்ந்த இனம் அது. ஒவ்வொரு துயரத்துக்கும் ஒரு நாள் ஒதுக்கியிருந்தால் ஆண்டு முழுதும் நோன்பாகியிருக்கும்; வாழ இடமிருந்திராது. ஆகவே துயரத்தை ஒரு நாளில் குவித்தார்கள். அன்று விளக்கைத் தணித்து, தரையில் அமர்ந்து, புலம்பல் நூலைப் படித்து அழுவார்கள். மறுநாள் எழுந்து தொழிலுக்குச் செல்வார்கள். மற்ற நாள்களை வாழ்வுக்கு விட்டுவைத்தார்கள். மறப்பதும் தவறு, ஓயாமல் அழுவதும் தவறு என்னும் நடுநிலையை அந்நாட்காட்டி கற்பிக்கிறது. திருமணத்தின் மகிழ்ச்சிக்கு இடையிலும் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை உடைத்து எருசலேமை ஒரு கணம் நினைப்பது இதன் மறுபக்கம்.

நாள்கள் காத்த மொழி

மொழிக்கென அமைந்த இவ்வவையில் மொழியைப் பற்றிச் சொல்லாமல் முடித்தல் முறையன்று. ஏறத்தாழ கி.பி. 200க்குப் பின் எபிரேயம் வீட்டில் பேசும் மொழியாக இல்லை. யூதர்கள் அரமேயமும் அரபும் யித்திசும் லதீனோவும் பேசினர். நம் சேரநாட்டுக் கொச்சிக்கு வந்தவர்கள் மலையாளம் பேசினர்; கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் யோசேப் இரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு அளித்த செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. தொடர்பு அதனினும் பழையது என்பாரும் உண்டு. சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த மயிலைக் குறிக்கும் ‘துக்கி’ என்னும் எபிரேயச் சொல்லைக் கால்டுவெல் முதலிய அறிஞர் நம் ‘தோகை’யோடு இணைத்துக் காட்டினர்.

எங்குச் சென்று எம்மொழியைப் பேசினாலும் நாட்காட்டி அவர்களை விடவில்லை. வாரந்தோறும் தோராவைப் படிக்க வேண்டும். பூரிம் அன்று எஸ்தரைப் படிக்க வேண்டும். ஆவ் ஒன்பதில் புலம்பலைப் படிக்க வேண்டும். படிப்பதற்கு எழுத்து வேண்டும். ஆகவே குழந்தைகள் எபிரேய எழுத்தைக் கற்றனர். பேச்சு அடங்கிய மொழி வாசிப்பில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

1881இல் எருசலேமுக்குக் குடிபெயர்ந்த எலியேசர் பென் யெகுதா, எபிரேயத்தை மீண்டும் வீட்டுமொழியாக்க முனைந்தார். 1882இல் பிறந்த தம் மகனிடம் எபிரேயம் மட்டுமே பேசினார். ‘மிலா’ என்றால் சொல். அதிலிருந்து அகராதிக்கு ‘மிலோன்’ என்னும் சொல்லை ஆக்கினார். 1890இல் மொழிக்குழு ஒன்றை நிறுவினார். பேரகராதி ஒன்றைத் தொகுத்தார். 1922இல் பாலஸ்தீனத்தை ஆண்ட பிரித்தானிய அரசு ஆங்கிலம், அரபு ஆகியவற்றோடு எபிரேயத்தையும் ஆட்சிமொழியாக ஏற்றது. அவ்வாண்டு திசம்பரில் அவர் மறைந்தார். ஒருவரின் உழைப்பாக இதனைப் புகழ்வது எளிது. ஆனால் அவருக்குக் கிடைத்த விதை ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளாகத் தொழுகைக்கூடங்களில் வாரந்தோறும் நீர்பெற்ற விதை. ஆசிரியர்களும் தாய்மார்களும் குழந்தைகளும் அதனை நிலத்தில் ஊன்றினர்.

நிறைவுரை

அன்பர்களே, ஓராண்டை ஒரு மணிநேரத்தில் சுற்றிவந்தோம். நான் கண்ட உண்மையைச் சுருங்கச் சொல்லி அமைகிறேன். தேதி ஒன்றைத் தாளில் எழுதிவைத்தால் அது தேர்வோடு அழியும். அத்தேதிக்கு ஓர் உணவும் ஒரு செயலும் ஒரு நூலும் ஒரு வினாவும் கொடுத்தால் அது நூறு தலைமுறைக்கும் நிற்கும். யூதர்களின் நாட்காட்டி இதற்குச் சான்று. அவற்றுள் முதன்மையானது வினா. குழந்தை கேட்காவிட்டால் பெரியவர்களிடம் கதை இருந்தும் பயனில்லை.

ஆசிரியப் பெருமக்களே, நாளை வகுப்பில் ஒரு தேதியைக் கரும்பலகையில் எழுதும்போது விடையை உடனே எழுதிவிடாதீர்கள். கேட்கத் தெரியாத அந்த நான்காம் பிள்ளையின் பக்கம் சென்று நில்லுங்கள். மாணவச் செல்வங்களே, அடுத்த முறை வாட்டர்லூ தெருவில் நடக்கும்போது அந்த மூன்றாம் வாயிலின் முன் சற்றே நின்று, இன்று இவர்களுக்கு என்ன நாள் என்று கேளுங்கள். அவ்வினா உங்களை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.